அவுட்பேக் புறப்படும் முன்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. "கேம்பர் வேன் வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு உலுரு போகிறோம், என்னென்ன கொண்டுபோகலாம்?" என்று தெரிந்தவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நல்ல பருவம்தான். உலுரு என்ற பெரிய செம்பாறை நிற்கும் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், அவுட்பேக் என்கிற அந்த வறண்ட உள்நாட்டில், மே முதல் செப்டம்பர் வரை வெயில் தாங்கும்படி இருக்கும். இரவுக் குளிரைத்தான் பலர் எதிர்பார்ப்பதில்லை. ஜூலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். நல்ல கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். குளிருக்காக வண்டிக்குள் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மட்டும் தூங்கிவிடாதீர்கள். அதன் நச்சுப்புகைக்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

என்ன கொண்டுபோகலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். வண்டி நடுவழியில் நின்றுபோனால் அது யாருக்குத் தெரியும்? அவர்கள் வந்து சேரும்வரை என்ன குடிப்பீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் புறப்படலாம்.

தெற்கே போர்ட் ஆகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை நாட்டின் நடுவே போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை 2,700 கிலோமீட்டருக்கு மேல். முழுக்கத் தார் போட்ட நல்ல சாலை. ஆனால் கிளென்டாம்போவை விட்டால் கூபர் பீடி வரை ஏறக்குறைய 250 கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போனில் சிக்னல் போய்விடும். பிறகு அடுத்த ஊர் வந்தால்தான்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். நான் யாரைப் பார்த்தாலும் சொல்லும் கதை இது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். 1917ஆம் ஆண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே ஹால்ஸ் க்ரீக் என்ற சின்ன ஊர். ஜிம்மி டார்சி என்ற மாடு மேய்க்கும் இளைஞர் குதிரையிலிருந்து விழுந்து வயிற்றுக்குள் பலத்த அடி. ஊரில் டாக்டர் இல்லை. இருந்தது தபால் அலுவலகமும் தந்திக் கம்பியும்தான். போஸ்ட்மாஸ்டர் ஃப்ரெட் டக்கெட்டுக்கு முதலுதவி தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்த டாக்டர் ஹாலண்ட் பெர்த்தில் இருந்தார், சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி. டாக்டர் அங்கிருந்து தந்தி அடிக்க அடிக்க, போஸ்ட்மாஸ்டர் ஒரு பேனாக்கத்தியால் அறுவைச் சிகிச்சை செய்தார். மயக்க மருந்து கிடையாது. அந்தப் பிள்ளை மேசையில் கட்டுண்டு கிடந்து எல்லாவற்றையும் தாங்கியது. பிறகு டாக்டரே புறப்பட்டார். மாடு ஏற்றும் கப்பலில் டெர்பி வரை, அங்கிருந்து ஒரு ஃபோர்டு காரில், கார் நின்றதும் குதிரையில். அவர் போய்ச் சேர்ந்தபோது டார்சி இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

நாடே இந்தச் செய்தியைப் பத்திரிகைகளில் படித்துக் கலங்கியது. ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் கலங்கியதோடு விடவில்லை. 1928இல் குவீன்ஸ்லாந்தின் க்ளான்கரியிலிருந்து டாக்டரை விமானத்தில் அனுப்பத் தொடங்கினார். அதுதான் இன்றைய ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ். ஆனால் விமானம் மட்டும் இருந்து என்ன பயன்? பண்ணையில் ஒருவர் துடிப்பது விமானிக்குத் தெரிய வேண்டுமே! அதற்கு அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் டிரேகர் வழி கண்டார். சைக்கிள் பெடலைப் போல் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோ. 1929இல் முதல் பெட்டி ஒரு பண்ணைக்குப் போனது. மின்சாரமே இல்லாத வீட்டில் ஒரு பெண் பெடலை மிதித்துக்கொண்டே மோர்ஸ் தந்தி அடித்து டாக்டரைக் கூப்பிட முடிந்தது. டாக்டரைவிட முதலில் போய்ச் சேர வேண்டியது தகவல். இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்தப் பெடல் ரேடியோவின் இடத்தில் இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவி இருக்கிறது. பி.எல்.பி. என்பார்கள், ஆபத்தில் நாம் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி. மடித்துவைத்த ஆன்டெனாவை நிமிர்த்தி, மூடியைத் திறந்து பொத்தானை அழுத்த வேண்டும். மேலே வானம் திறந்திருக்க வேண்டும், வண்டிக்குள் வைத்து அழுத்தக் கூடாது. 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சிக்னல் போய், கான்பராவில் உள்ள மீட்பு மையத்துக்குத் தெரிந்துவிடும். வாங்கியதும் பதிவு செய்யுங்கள், இலவசம்தான். பதிவு செய்தால்தான் அது யாருடைய கருவி, வீட்டில் யாரைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அழுத்த வேண்டியது இது. சாதாரணச் சிக்கலுக்கு, வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் யு.எச்.எஃப். ரேடியோ வைத்துக்கொள்ளுங்கள். லாரிக்காரர்கள் 40ஆவது சேனலில் இருப்பார்கள். பல டிரெய்லர்களை இழுத்துப்போகும், 53 மீட்டர் நீளமுள்ள ரோட் ட்ரெயின் லாரியை முந்துவதற்கு முன் அதில் ஒரு வார்த்தை கேட்டால் ஓட்டுநரே முன்னால் வழி எப்படி என்று சொல்வார்.

காசில்லாத கருவி ஒன்றும் இருக்கிறது. ஊரில் ஒரு அக்காவிடமோ தம்பியிடமோ, "இன்று ராத்திரி இந்த ரோட்ஹவுஸில் தங்குகிறோம், நாளைக் காலை பத்து மணிக்குள் போன் வராவிட்டால் போலீஸுக்குச் சொல்லிவிடு" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

இனி காத்திருப்பது. 1963 டிசம்பரில் பேர்ட்ஸ்வில் பாதை என்ற பாலைவன மண் சாலையில் ஒரு குடும்பம் பெட்ரோல் தீர்ந்து சிக்கிக்கொண்டது. தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள். வண்டியை விட்டுவிட்டுத் தண்ணீர் தேடி நடந்தார்கள். ஐந்து பேருமே பிழைக்கவில்லை. நேயர்களே, வண்டியை விட்டு நடக்காதீர்கள். விமானத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு வண்டி தெரியும், புதர்களுக்கு நடுவே நடக்கும் ஆள் தெரியமாட்டார். வண்டி நிழல் தரும். தண்ணீரும் அதில்தான் இருக்கிறது.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்று கணக்கு வையுங்கள். நான்கு பேருக்கு மூன்று நாள் என்றால் 120 லிட்டர், அதாவது 120 கிலோ. வண்டி தாங்கும் எடை எவ்வளவு என்று வாடகைக்குத் தருபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வேனின் டாங்கியிலேயே நிரப்பாதீர்கள். கீழிருந்து ஒரு கல் தெறித்து டாங்கி கீறினால் அத்தனையும் மண்ணுக்குப் போய்விடும். பாதியைத் தனித்தனி கேன்களில் ஊற்றி, உருளாதபடி பெல்ட் போட்டுக் கட்டுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். சமையலைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், இயலாது போலிருக்கிறது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெப்னி டயரை வீட்டு வாசலிலேயே ஒரு தடவை கழற்றி மாட்டிப் பாருங்கள், பல வேன்களில் அது அடிவயிற்றில் தொங்கும். மண் சாலையில் போக வாடகை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று படியுங்கள், பல ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை. பொழுது சாய்ந்தால் கங்காரு சாலைக்கு வரும், அதற்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள். பழங்குடி மக்களின் நிலத்தின் வழியே போகும் சில சாலைகளுக்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நல்லார்பர் சமவெளி வழியாக மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் எல்லைச் சோதனைக்கு முன்பே சமைத்தோ சாப்பிட்டோ தீர்த்துவிடுங்கள். கறிவேப்பிலைக் கொத்து இருந்தால் அதையும் மறைக்காமல் எடுத்துக் காட்டிவிடுங்கள். நன்றி, வணக்கம்.