வயிற்றுவலி என்று வருகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் பல ஆண்டுகளாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு படுகிற பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள். கேட்கக் கேட்க உங்களுக்கே நெஞ்சு படபடத்தால் வானொலியை அணைத்துவிடலாம், நான் வருத்தப்பட மாட்டேன்.

“சின்ன வயதில் எனக்கு இப்படி நடந்தது” என்று சொல்லிக்கொண்டு யாரும் எங்களிடம் வருவதில்லை. வயிற்றுவலி என்று வருவார்கள். தலைவலி, தூக்கமில்லை, கணவர் தொட்டாலே எரிச்சலாக இருக்கிறது என்பார்கள். கையில் ஒரு மஞ்சள் பை, பை நிறைய ஸ்கேன் ரிப்போர்ட். எல்லாவற்றிலும் ‘கோளாறு ஏதும் இல்லை’ என்றே இருக்கும்.

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். பீடி சுற்றுகிறவர். கல்யாண வீடு, கோயில் கொடை என்று பேச்செடுத்தாலே அவருக்கு முதல்நாளே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். காத்துக்கருப்பு என்று வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். படித்தவர்கள் அந்தக் கயிற்றைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. இவளை ஏதோ பயமுறுத்தியிருக்கிறது என்பதாவது அந்த வீட்டில் யாருக்கோ பட்டிருக்கிறதே! ஸ்கேனுக்கு அதுவும் படவில்லை.

பேசும்போது அவர் மடியில் இலையும் இல்லை, தூளும் இல்லை. விரல்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தன. பல வாரம் கழித்து ஒருநாள், “அக்கா, எனக்குச் சவ்வாது வாசனை ஆகாது” என்றார். மெல்ல மெல்லத்தான் மற்றது வந்தது. மாமா முறை ஒருவர், சவ்வாது பூசிக்கொண்டு வருகிறவர். இவருக்கு அப்போது எட்டு வயது. அம்மாவிடம் சொன்னதற்கு, “மாமாவைப் பற்றி அப்படிப் பேசுவாயா?” என்று அடி விழுந்தது. அதன்பிறகு ஒவ்வொரு விசேஷத்திலும் அந்த ஆளுக்கு இவர்தான் காபி கொண்டுபோய்க் கொடுத்தார். இவருடைய கல்யாணத்தில் திருநீறு பூசி ஆசீர்வதித்ததும் அவரே. இப்போது இவர் மகளுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. ராத்திரியில் எழுந்து எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார்.

நடந்தது முடிந்துவிட்டது என்று அறிவுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. அந்த வாசனை வந்ததும் ஆபத்து இதோ வந்துவிட்டது என்று வயிறு இறுகுகிறது. போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் பார்த்த இதே நிலைக்கு 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் இடம் கொடுத்தார்கள். திரும்பத் திரும்பக் கொடுமைக்கு ஆளானவர்களிடம் இன்னும் சில சேர்ந்துகொள்ளும்: கோபத்துக்கு எல்லை தெரியாது, அல்லது எதுவுமே உறைக்காது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு, யாரிடமும் ஒட்ட முடியாமை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பட்டியலில் இது தனி நோயாகவே இருக்கிறது.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆளானவர்கள் பின்னாளில் மற்றவர்களைக் கெடுப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலானோர் அப்படி ஆவதே இல்லை. சொன்ன அன்றைக்கே ஒருவர் நம்பியிருந்தால் பாதிப்பு எவ்வளவோ குறையும். அந்தப் பெண்ணும் மாமாவைவிட அம்மாவை நினைத்துத்தான் அதிகம் அழுதார்.

நான் எங்கே போனாலும் சொல்வது இதைத்தான்: கேளுங்கள். அமெரிக்காவில் ஃபெலிட்டி என்ற மருத்துவர் 1980களில் உடல் எடை குறைக்கும் சிகிச்சை நடத்தினார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள். ஏன் என்று உட்கார்ந்து கேட்டபோது, பலருக்குச் சிறுவயதில் பாலியல் கொடுமை நடந்திருந்தது தெரிந்தது. குண்டாக இருந்தால் யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள் என்பது அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு. அதிலிருந்து தொடங்கி 17,000க்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு நடந்தது. முதல் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. சிறுவயதுத் துன்பங்கள் கூடக் கூட மனச்சோர்வு, குடி, தற்கொலை முயற்சி, இதயநோய் வரை கூடியிருந்தன. கேட்டதால் தெரிந்தது. நம் ஊர் மருத்துவர்களே, செவிலியர்களே, அறையிலிருந்து மாமியாரைக் கொஞ்சம் வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆண்களைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். பையன்களுக்கும் நடக்கிறது, அவர்கள் இன்னும் குறைவாகச் சொல்கிறார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் இருவருக்கும் பொது. 2012 நவம்பருக்குப் பிறகு நடந்த குற்றம் என்றால், வளர்ந்த பிறகும் அந்தச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம். இந்தப் பாதிப்புக்குப் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு, பலன் தருகிறது. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். குழந்தைக்கு இப்போது நடக்கிறது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. யாராவது உங்களிடம் சொன்னால், “அப்போதே ஏன் சொல்லவில்லை?” என்று மட்டும் கேட்காதீர்கள். வணக்கம்.