மாட்டிக்கொண்ட பிறகு என்ன?

நேயர்களுக்கு வணக்கம். வீடியோ கேம் பற்றி ரேடியோவில் பேச ஆரம்பித்தால் பாதிப் பேர் வேறு ஸ்டேஷனுக்குப் போய்விடுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் கூப்பிட்டார்கள், வந்துவிட்டேன். அதிலும் ஒரே ஒரு வகை கேமில் வருகிற ஒரே ஒரு கணத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பதுங்கிப் பதுங்கிப் போகிற கேம்கள் இருக்கின்றன, ஸ்டெல்த் கேம் என்பார்கள். எல்லாரையும் சுட்டுத் தள்ளுவது அதில் வேலை இல்லை. காவலாளி முதுகைத் திருப்பும்போது நழுவி, இருட்டான மூலையில் நின்று, யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய், எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். நீங்கள் விளையாடியதில்லை என்றாலும், வீட்டுப் பிள்ளை ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, கூப்பிட்டால் காதில் விழாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சரி, அப்படிப் போகும்போது ஒரு காவலாளி பார்த்துவிடுகிறான். இப்போது கேம் என்ன செய்ய வேண்டும்? பல வருஷமாக நான் யாரைப் பார்த்தாலும் பிடித்துவைத்துப் பேசுவது இதைத்தான்.

ரொம்பச் சுலபமான பதில் ஒன்று உண்டு. திரை இருண்டுவிடும், 'தோற்றுவிட்டாய்' என்று ஒரு வரி வரும், மறுபடி பழைய இடத்திலிருந்து ஆரம்பி. வேறு வகை கேம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் திணிக்கிற பதுங்கல் கட்டங்களில் இது அதிகம். 2013-இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் பிளாக் ஃபிளாக்' அற்புதமான கடல்கொள்ளையர் கேம், கப்பலில் போவதற்காகவே விளையாடலாம். ஆனால் அதில் இரண்டு பேர் பேசிக்கொண்டே நடப்பார்கள், நாம் பின்னாலேயே போய் ஒட்டுக்கேட்க வேண்டும், பார்த்துவிட்டால் தீர்ந்தது, திரும்பவும் அதே தெரு, அதே பேச்சு. ஒரே வசனத்தை நாலாவது தடவை கேட்கும்போது அவர்கள் என்ன சதி செய்தால் நமக்கென்ன என்று ஆகிவிடும்.

இதில் எனக்கு என்ன குறை என்றால், இத்தனை நேரம் கேம் நமக்குள் சேர்த்துவைத்த படபடப்பெல்லாம் வெடிக்க வேண்டிய இடம் அதுதான். 'ஐயோ பார்த்துட்டான்' என்கிற அந்த ஒரு விநாடி. சரியாக அந்த விநாடியில் கேம் எழுந்து விளக்கைப் போட்டுவிடுகிறது. ஓடலாமா, ஒளியலாமா, ஏதாவது தூக்கி எறிந்து திசை திருப்பலாமா, எதற்கும் வழியில்லை.

நாம் எல்லாரும் ஐஸ்பாய் விளையாடியவர்கள்தானே. அதில் கண்டுபிடித்துவிட்டால் உடனே வீட்டுக்கா அனுப்பிவிடுகிறோம்? கண்டுபிடிக்கிறவன் பேரைச் சரியாகச் சொல்ல வேண்டும். அதற்காகவே இரண்டு பேர் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு, கையை மட்டும் வெளியே நீட்டுவோம், அவன் தப்பான பேரைச் சொல்வான், மறுபடி எண்ணப் போவான். ஒளிந்திருக்கிறவன் பின்னால் வந்து முதுகில் தட்டினாலும் மறுபடி எண்ண வேண்டும். கண்ணில் பட்டதற்கும் அவுட் ஆவதற்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது, விளையாட்டே அந்த இடத்தில்தான் நடந்தது. இதை யாரும் உட்கார்ந்து டிசைன் செய்யவில்லை, பிள்ளைகள் சண்டை போட்டுப் போட்டு உருவாக்கிய விதி.

கேம்களும் ஆரம்பத்தில் இதைத் தெரிந்துதான் வைத்திருந்தன. 1987-இல் ஜப்பானில் ஹிதேயோ கோஜிமா 'மெட்டல் கியர்' செய்தார், எம்.எஸ்.எக்ஸ்.2 என்கிற வீட்டுக் கம்ப்யூட்டருக்காக. அந்தக் கம்ப்யூட்டரால் ஒரே நேரத்தில் நிறைய உருவங்களைத் திரையில் ஓட்ட முடியாது, பெரிய துப்பாக்கிச் சண்டை காட்டினால் திணறிப்போகும். அதனால் சண்டையைத் தவிர்ப்பதையே கேமாக்கிவிட்டார். அதில் காவலாளி பார்த்துவிட்டால் தலைக்கு மேல் ஆச்சரியக்குறி வரும். ஒரு குறி என்றால் அந்தத் திரையில் இருப்பவர்கள் மட்டும் துரத்துவார்கள், பக்கத்துத் திரைக்கு ஓடினால் தப்பித்துவிடலாம். இரண்டு குறி என்றால் வெளியிலிருந்தும் ஆள் வரும். பாருங்கள், அந்த வரிசையின் முதல் கேமிலேயே மாட்டிக்கொள்வதில் சின்னது, பெரியது என்று இரண்டு அளவு வைத்துவிட்டார்கள். அதுவும் நான் சொல்வது சின்னஞ்சிறு கட்டம் கட்டமான படங்களாக இருந்த காலம்.

1998-இல் இந்த வகைக்கு ஒரு பெரிய அறுவடை. 'மெட்டல் கியர் சாலிட்', 'தீஃப்', 'தென்சூ', 'கமாண்டோஸ்' எல்லாம் அந்த ஒரே வருஷம். எனக்கு 'தீஃப்'தான் உசத்தி. அதில் காவலாளிகளுக்கு உடனே தெரிந்துவிடாது. காலடிச் சத்தம் கேட்டால் நின்று, 'யாரது' என்பான். கொஞ்ச தூரம் வந்து தேடுவான், ஒன்றும் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போவான். நாம் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருப்போம். முழுதாகப் பார்த்துவிட்டால் வாளை உருவிக்கொண்டு வருவான், நம்மிடமும் வாள் இருக்கிறது, ஆனால் நாம் திருடன், வீரன் இல்லை. ஒருத்தனைச் சமாளிக்கலாம், மூன்று பேர் வந்தால் ஓட வேண்டியதுதான், கண் கூசுகிற வெடி ஒன்றைத் தரையில் அடித்துவிட்டு. மிகக் கடினமான நிலையில் விளையாடினால் மனிதர் யாரையும் கொல்லவே கூடாது. மாட்டினால் ஆட்டம் நிற்காது, ஆனால் நமக்குப் பிடித்த மாதிரியான ஆட்டமாக இருக்காது. இந்த அளவு ரொம்ப முக்கியம், மறுபடியும் வருகிறேன் இதற்கு.

ஏனென்றால் எதிர்ப்பக்கமும் தப்பு நடக்கிறது. மாட்டிக்கொண்டாலும் எல்லாரையும் அடித்துப்போட்டுவிட்டு ஜாலியாக நடந்து போகலாம் என்றால் அப்புறம் எதற்குப் பதுங்குவது? 2012-இல் வந்த 'டிஸ்ஹானர்ட்' இந்தச் சிக்கலில்தான் மாட்டியது. அதில் கொல்வதற்கு விதவிதமான, ரசிக்கத்தக்க ஆயுதங்களும் மாயங்களும் தந்துவிட்டு, நிறையக் கொன்றால் ஊரில் எலியும் நோயும் பெருகும், கதை இருட்டாக முடியும் என்று வைத்தார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் பொம்மைக்கடையில் விட்டுவிட்டு எதையும் தொடாதே என்கிற மாதிரி எனக்குப் பட்டது. தண்டனை எங்கோ கடைசியில் வருகிறது, மாட்டிக்கொண்ட அந்த நிமிஷத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாமல்.

அப்புறம் சேவ் விஷயம். இதைப் பேசாமல் விடமாட்டேன். கேம் என்னதான் அருமையாக யோசித்து, துரத்தல், தப்பித்தல் எல்லாம் செய்துவைத்தாலும், ஆடுகிறவர் கையில் ஒரு பட்டன் இருக்கிறது. கம்ப்யூட்டரில் பெரும்பாலும் எஃப்5 என்றால் சேவ், ஆட்டம் இருக்கிற நிலையை அப்படியே பதிந்துவைப்பது, எஃப்9 என்றால் லோட், பதிந்த நிலைக்கே திரும்பிப் போவது. என் தங்கை மகன் விளையாடுவதைப் பார்க்கிறேன், காவலாளி இவன் பக்கம் முகத்தைத் திருப்பினாலே போதும், விரல் எஃப்9-க்குப் போய்விடும். பார்த்தானா இல்லையா என்றுகூடக் காத்திருப்பதில்லை. 'ஏண்டா, ஓடிப் பாரேன், என்ன ஆகும்' என்றால், 'மாமா, சுத்தமா பண்ணணும்' என்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஓடினால் சுவையாக எதுவும் நடக்காது, கெட்டுப்போன ஆட்டம் ஒன்றுதான் மிச்சம் என்று கேம்களே அவனுக்குப் பழக்கிவைத்திருக்கின்றன. கூடவே முடிவில் 'ஒருவர் கண்ணிலும் படவில்லை' என்று தனிப் பதக்கம் வேறு.

இந்த சேவ் பட்டனை ஒழித்துவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. ஜெர்மனியில் மிமிமி என்று ஒரு சின்ன நிறுவனம் இருந்தது, 2023-இல் கடையை மூடிவிட்டார்கள், பாவம். அவர்கள் 2016-இல் செய்த 'ஷேடோ டாக்டிக்ஸ்' ஒளிவுமறைவே இல்லாமல், கடைசியாக சேவ் செய்து எவ்வளவு நேரமாகிறது என்று திரையிலேயே நினைவூட்டும். போ, சேவ் செய், முயன்று பார், தோற்றால் திரும்பி வா, அதுதான் ஆட்டம். கடைசிக் கேமான 'ஷேடோ கேம்பிட்'டில் இன்னும் ஒரு படி மேலே போய், சேவ் செய்வதையே கதைக்குள் கொண்டுவந்தார்கள், பேய்க்கப்பல் ஒன்று நினைவுகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று. இது ஒரு நேர்மை. இதற்கு நேர் எதிராக 2016 'ஹிட்மேன்' கேமில் சில இலக்குகள், அதாவது நாம் தீர்த்துக்கட்ட வேண்டிய ஆட்கள், கொஞ்ச நாள் மட்டும் வரும், ஒரே வாய்ப்பு, செத்தால் அவ்வளவுதான். அப்போது பாருங்கள், அதே ஆட்கள், அதே ஊர், கை நடுங்கும். நான் பட்டனை ஒழிக்கச் சொல்லவில்லை. பட்டனை அழுத்துவதைவிட அழுத்தாமல் இருப்பது சுவாரசியமாக இருந்தால் போதும், அழுத்த மாட்டோம்.

அதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், 2017-இல் வந்த 'ஹீட் சிக்னேச்சர்'. செய்தவர் டாம் ஃபிரான்சிஸ், கேம் பத்திரிகையில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர், அப்புறம் தானே செய்ய இறங்கிவிட்டார். விண்வெளியில் போகிற கப்பல்களில் நம்முடைய குட்டிக் கலத்தைக் கொண்டுபோய் ஒட்டி, உள்ளே நுழைந்து, யாரையாவது கடத்த வேண்டும், இல்லையென்றால் எதையாவது திருட வேண்டும். சரி, உள்ளே காவலாளி நம்மை அடித்து வீழ்த்திவிடுகிறான். வேறு கேம் என்றால் திரை இருண்டிருக்கும். இதில் அவன் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்க் கப்பலின் கதவைத் திறந்து வெளியே எறிந்துவிடுகிறான். விண்வெளியில்! மூச்சு நிற்க இன்னும் சில விநாடிதான். ஆனால் நம் குட்டிக் கலம் ரிமோட்டில் ஓடும். மிதந்து போகிற நம் உடம்பை நாமே துரத்திக்கொண்டு கலத்தை ஓட்டிப் போய்ப் பிடிக்க வேண்டும். பிடித்தால் பிழைத்தோம், திரும்பவும் அதே கப்பலுக்கே போய் ஒட்டிக்கொள்ளலாம்.

இதில் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் ஒன்றாக வருகிற இடம் இனிமேல்தான். கொஞ்ச நாள் விளையாடினால், தூக்கி எறிந்தாலும் பிழைக்கலாம் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு அவன் எறிகிற வரை காத்திருக்க வேண்டும்? நாலு பேர் துரத்திக்கொண்டு வரும்போது கப்பலின் ஜன்னலை நாமே உடைத்து வெளியே குதித்துவிடலாம், கலத்தை அழைத்துக்கொள்ளலாம். தண்டனையாக வைத்தது தப்பிக்கும் வழியாகிவிட்டது. அலாரம் அடித்துவிட்டால் அதிலும் உடனே முடிவு இல்லை, கப்பல் தன்னுடைய தளத்தை நோக்கித் திரும்பும், அங்கே போய்ச் சேர்வதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். மாட்டிக்கொண்டதால் கையில் இருக்கிற நேரம்தான் குறைகிறது, வேலை கையை விட்டுப் போகவில்லை. இதைத்தான் இத்தனை நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதே யோசனையின் சாதுவான வடிவம் ஒன்றும் இருக்கிறது, குழந்தைகளோடு விளையாடலாம். ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் இருக்கிற ஹவுஸ் ஹவுஸ் குழு 2019-இல் செய்த வாத்து கேம், 'அன்டைட்டில்ட் கூஸ் கேம்'. நாம்தான் அந்தப் பொல்லாத வாத்து. தோட்டக்காரரின் கேரட்டைத் திருடுகிறோம், பார்த்துவிட்டார், என்ன ஆகும்? துரத்திக்கொண்டு வந்து வாயிலிருந்து பிடுங்கி, கேரட்டைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைப்பார். அவ்வளவுதான். சாவு கிடையாது, மதிப்பெண் குறையாது. ஆனால் அவர் கேரட்டை வைக்கக் குனிந்திருக்கிற நேரத்தில் இடுப்பில் தொங்குகிற சாவியைக் கவ்விக்கொண்டு ஓடலாமே! மாட்டிக்கொள்வதையே தந்திரமாகப் பயன்படுத்துகிறோம், வேண்டுமென்றே கத்தி அவர் கவனத்தைத் திருப்புகிறோம். அந்தத் தோட்டத்தில் ஒரு ரேடியோவும் உண்டு, அதையும் திருடிப் பிக்னிக் விரிப்பில் வைக்க வேண்டும். நிலையத்தார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

காவலாளிக்கு நம்மைப் பற்றித் தப்பாகத் தெரிந்திருப்பதுதான் இதிலெல்லாம் ருசி. 2010-இல் வந்த 'ஸ்பிளிண்டர் செல் கன்விக்ஷன்' இதை அழகாகக் காட்டியது, நம்மைக் கடைசியாக எங்கே பார்த்தார்களோ அங்கே நம் உருவத்தின் வெள்ளைக் கோடு மட்டும் நிற்கும், அவர்கள் அதை நோக்கிச் சுடுவார்கள், நாம் சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடுவோம். படம் இல்லாமல் இதை விளக்குவது கஷ்டம், புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதே வரிசையின் முதல் கேமில், 2002-இல், பல இடங்களில் மூன்று அலாரம் அடித்தால் மிஷனே காலி. 2005-இல் 'கேயாஸ் தியரி'யில் அதைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, அலாரம் அடித்தால் காவலாளிகள் கவசம் மாட்டிக்கொண்டு உஷாராவார்கள் என்று மாற்றினார்கள். கேம் எவ்வளவு மூச்சுவிட்டது தெரியுமா!

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான். எதிரிகளின் ஞாபகசக்தியைப் பற்றி நிறையப் பேச வேண்டும் என்று வந்தேன், ஓடிக்கொண்டே சொல்லிவிடுகிறேன். 2015 'மெட்டல் கியர் சாலிட் 5'இல் காவலாளி நம்மைப் பார்த்த அந்தக் கணம் சில விநாடி மெதுவாக ஓடும், அதற்குள் சத்தம் போடவிடாமல் தடுத்துவிடலாம், இந்த மெதுவோட்டம் வேண்டாம் என்பவர்கள் அதை நிறுத்தியும் வைக்கலாம். தலையைப் பார்த்தே சுட்டுக்கொண்டிருந்தால் நாளடைவில் எல்லாரும் ஹெல்மெட்டோடு நிற்பார்கள், ராத்திரியிலேயே போனால் இருட்டில் பார்க்கிற கண்ணாடி மாட்டியிருப்பார்கள். அதே வருஷம் க்ளே நிறுவனத்தின் 'இன்விசிபிள் இன்க்', இது சதுரங்கம் மாதிரி மாறி மாறி ஆடுவது, இதில் நம்மை யாருமே பார்க்காவிட்டாலும் ஒவ்வொரு முறைக்கும் அலாரம் ஏறிக்கொண்டே போகும், மாட்டினால் ஒரு முறை பின்னால் போய்த் திருத்தலாம், ஆனால் ஒரு மிஷனுக்கு இத்தனைதான் என்று கணக்கு உண்டு. என் தங்கை மகனுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், எஃப்9 பக்கம் போகிற விரல் என்ன செய்கிறது என்று பார்க்க. மீதியை இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன். நன்றி, வணக்கம்.