பாலி பீமிஸ்: சூதில் ஜெயிக்கப்பட்ட பெண் அல்ல

வணக்கம், நேயர்களே.

1872ஆம் ஆண்டு, ஜூலை 8. அமெரிக்காவின் வடமேற்கே, ஐடஹோ மலைகளுக்கு நடுவில் வாரன் என்று ஒரு தங்கச் சுரங்க ஊர். பொதிக் குதிரைகள் வரிசையாக ஊருக்குள் வந்து நிற்கின்றன. மூட்டை முடிச்சுகளோடு ஒரு சேணத்தின் மேல் ஒரு சீனப் பெண். வயது பதினெட்டு. ஐந்தடி உயரம்கூடக் கிடையாது. யாரோ ஒரு ஆள் கைகொடுத்து இறக்கிவிட்டு, "இதோ பாலி வந்தாச்சு" என்றாராம். அதற்கு முன் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அன்றிலிருந்து கடைசி மூச்சு வரை அவள் பாலிதான்.

அமெரிக்க மேற்கு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? டப்பிங் படங்களில் பார்த்தது வரும். புழுதித் தெரு, இடுப்பில் துப்பாக்கி, குதிரைமேல் வருகிற வெள்ளைக்கார ஆள். அந்தப் படத்தில் சீனர்கள் இருக்கமாட்டார்கள். ஆனால் 1870 மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். ஐடஹோ பிரதேசம் முழுக்க இருந்தவர்கள் 14,999 பேர். அதில் 4,274 பேர் சீனர்கள். நான்கில் ஒரு பங்குக்கும் மேல்! அவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். சுலபமாகக் கிடைத்த தங்கத்தை வெள்ளைக்காரர்கள் அள்ளி முடித்த பிறகு, மிச்சத்தை அலசி எடுக்கத்தான் பல ஊர்களில் சீனர்களை உள்ளே விட்டார்கள்.

அப்படிப்பட்ட ஊருக்கு இந்தப் பெண் எப்படி வந்தாள்? அதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1921இல் அந்த ஆற்றுவழியாகப் படகில் வந்த ஒரு பெண் எழுத்தாளர், பாலியின் வீட்டில் இறங்கிப் பேசிவிட்டு அதைப் பத்திரிகையில் எழுதினார். சீனாவில் தன் வீட்டில் சாப்பிட ஒன்றும் இல்லை, தன்னை விற்றுவிட்டார்கள். ஒரு கிழவி தன்னை அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்துக்குக் கடத்திக்கொண்டு வந்தாள். விலை 2,500 டாலர். இவ்வளவையும் சொல்லிவிட்டு, இப்போது என்னைப் பார்த்தால் அவ்வளவு விலை என்று தோன்றுகிறதா என்று பாலி கேட்டாராம். அப்போது அவருக்கு அறுபத்தேழு, அறுபத்தெட்டு வயது. அந்தக் கேள்வியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வாங்கியவர் வயதான ஒரு சீனர். அவர்தான் அவளை வாரனுக்குக் கொண்டுவந்தார்.

இப்போது நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். பாலியைப் பற்றி உலகம் முழுக்கச் சொல்லப்படுகிற ஒரு கதை உண்டு. வாரனில் சார்லி பீமிஸ் என்று ஒருவர் மதுக்கடை வைத்திருந்தார். அங்கே அதைச் சலூன் என்பார்கள். மது விற்பார்கள், சீட்டு ஆடுவார்கள். பாலியின் எஜமானர் ஒரு நாள் போக்கர் ஆட்டத்தில் எல்லாவற்றையும் தோற்று, கடைசியில் பாலியையே பணயம் வைத்தார், சார்லி ஜெயித்தார், அவளைக் கூட்டிக்கொண்டு போனார் என்பது அந்தக் கதை.

நமக்கு இதைக் கேட்டதும் பாஞ்சாலி நினைவுதான் வரும். அதனால்தான் இந்தக் கதை மனசில் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. நானும் பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் இதை நிஜம் என்று நம்பிச் சொன்னேன். கைதட்டினார்கள். அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. பாலியே அதை மறுத்திருக்கிறார். அவரை நேரில் அறிந்தவர்களும் மறுத்தார்கள். அன்று சொன்னதை இன்று இந்த மைக் முன்னால் திருத்திக்கொள்கிறேன். ஒரு பெண் முதலில் அரிசிக்கு விற்கப்பட்டாள், அப்புறம் சீட்டுக்கட்டில் கைமாறினாள் என்று சொல்லும்போது, அவர் தானாக எடுத்த முடிவுகள் எல்லாமே கதையிலிருந்து காணாமல் போய்விடுகின்றன.

சரி, உண்மையில் நடந்தது என்ன?

1880 மக்கள்தொகைக் கணக்கில் பாலி, சார்லியின் வீட்டில் இருக்கிறார். 'விதவை' என்று பதிவாகியிருக்கிறது. பாலி சமைத்தார், துணி துவைத்தார், சுரங்கத் தொழிலாளர்கள் தங்கிச் சாப்பிடும் விடுதியைக் கவனித்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆங்கிலத்தைக் காதால் கேட்டே கற்றுக்கொண்டார். சார்லி கிழக்கே கனெக்டிகட்டிலிருந்து வந்தவர். குறி தப்பாமல் சுடுவார், உடம்பு வளைந்து வேலை செய்வதில் அவ்வளவு நாட்டம் இல்லை என்று தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனாலென்ன, எல்லாப் பிரியமும் உழைப்பாளிகளுக்கு மட்டும்தான் என்று எழுதியா வைத்திருக்கிறது?

1890 செப்டம்பரில் அந்தச் சம்பவம் நடந்தது. சூதாட்டத்தில் தோற்ற ஜானி காக்ஸ் என்பவன், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிச் சார்லியை முகத்தில் சுட்டான். குண்டு கன்னத்தெலும்பை நொறுக்கிவிட்டது. நாம் அந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கணும். சாலை என்று ஒன்று கிடையாது. பக்கத்து ஊருக்கே மலை ஏறி இறங்க வேண்டும். மருத்துவர் வருவதற்கே நாள் கணக்காகும். வந்த மருத்துவரும், பிழைப்பது கஷ்டம் என்று கைவிரித்துவிட்டார்.

பாலி கைவிரிக்கவில்லை. அவர் காயத்தைச் சுத்தம் செய்தது எதை வைத்துத் தெரியுமா? குரோஷா ஊசி. நம் வீடுகளில் மேசை விரிப்புக்கு ஓரம் பின்னுவார்களே, நுனியில் ஒரு சின்னக் கொக்கி இருக்குமே, அதேதான். அந்தக் கொக்கியால் புண்ணுக்குள்ளிருந்து எலும்புத் துணுக்குகளையும் ஈயத் துண்டுகளையும் எடுத்தார் என்று சொல்கிறார்கள். எடுக்கும்போது கை ஒரு நூல் அளவு நடுங்கினால் போதும், கண் போய்விடும். பெனிசிலின் எல்லாம் கனவிலும் இல்லாத காலம். ஒரே நாளில் முடிகிற வேலையும் இல்லை. கட்டு அவிழ்க்க வேண்டும், கழுவ வேண்டும், மறுபடி கட்ட வேண்டும். காய்ச்சலில் பிதற்றும்போது பக்கத்திலேயே இருக்க வேண்டும். சார்லி பிழைத்தார்.

காதல் எந்த நாளில் பிறந்தது என்று என்னைக் கேட்டால், இதற்கும் முன்பே பிறந்துவிட்டது என்றுதான் சொல்வேன். பிரியம் இல்லாத கை அந்தப் புண்ணை அத்தனை நாள் தொட்டிருக்காது.

1894 ஆகஸ்ட் 13ஆம் தேதி இருவரும் வாரனில் சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டார்கள். பாலிக்கு வயது நாற்பது. இதற்கும் ஒரு விளக்கம் சொல்வார்கள், நாடு கடத்தப்படாமல் இருக்கத்தான் இந்தக் கல்யாணம் என்று. காலம் அப்படித்தான் இருந்தது. 1882இல் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1892இல் இன்னொரு சட்டம். ஏற்கெனவே அங்கே இருக்கும் சீனத் தொழிலாளர்கள் எல்லோரும் குடியிருப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குறித்த கெடுவுக்குள் வாங்கத் தவறியவர், அதற்கு முன்பிருந்தே அங்கே வசிப்பதாக நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். அதற்கு ஒரு வெள்ளைக்காரர் சாட்சி சொல்ல வேண்டும். வாரன் மாதிரி எட்டாத ஊரில் இருந்த பாலிக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது 1896இல்தான். இருபத்துநான்கு வருஷம் அந்த மண்ணில் உழைத்த பிறகு!

பயமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் காகிதத்துக்காக மட்டும் நடந்த கல்யாணம் என்றால், சான்றிதழ் வந்ததோடு முடிந்திருக்க வேண்டாமா? சார்லி சாகும் வரை, இருபத்தெட்டு வருஷம், இருவரும் ஒன்றாக இருந்தார்கள்.

எங்கே இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வாரனிலிருந்து மலை இறங்கி சால்மன் ஆற்றங்கரைக்குக் குடிபோனார்கள். அந்த ஆற்றுக்குத் 'திரும்பி வராத ஆறு' என்று பெயர். அந்தக் காலத்தில் ஓட்டத்தோடு தட்டைப் படகில் கீழே போகலாம், எதிர்த்து மேலே வர முடியாது. போய்ச் சேர்ந்த இடத்தில் படகைப் பிரித்துப் பலகையாக விற்றுவிடுவார்கள். இருபுறமும் செங்குத்தான மலை, நடுவில் கொஞ்சம் சமதரை. அந்தத் துண்டு நிலத்தில் பாலி பிளம், செர்ரி, பேரி, திராட்சை, சோளம் எல்லாம் வளர்த்தார். கோழி, வாத்து, குதிரை, மாடு. மண்ணைக் கொத்தும்போது கண்ணில் படுகிற புழுக்களை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொள்வாராம். வேலை முடிந்ததும் நேரே தூண்டிலோடு ஆற்றுக்கு. மீன்பிடிப்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை. ஒரு காலத்தில் சோறில்லாமல் விற்கப்பட்டவரின் பையில், அன்றைய சாப்பாட்டுக்கான இரை நெளிந்துகொண்டிருக்கிறது. அங்கே வந்து சேரும் ஓடைக்கும் அவர் பெயர்தான், பாலி ஓடை. அது இன்றும் வரைபடத்தில் இருக்கிறது.

சார்லி கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையானார். பாலிதான் எல்லாம் பார்த்துக்கொண்டார். 1922 ஆகஸ்டில் வீடு தீப்பிடித்தது. எதிர்க்கரையில் சார்லஸ் ஷெப், பீட் கிளிங்க்ஹாமர் என்று இரண்டு பேர் பண்ணை வைத்திருந்தார்கள். ஷெப் ஓடிவந்து, எரிகிற வீட்டுக்குள்ளிருந்து சார்லியை வெளியே தூக்கிக்கொண்டு வந்தார். வீடு சாம்பலாகிவிட்டது. அக்கரையில் அவர்கள் வீட்டில் இருந்தபோதே, அக்டோபர் 29ஆம் தேதி சார்லி இறந்தார்.

பாலியை மறுபடி வாரனுக்கு அழைத்துப் போனார்கள். 1923இல் கிரேஞ்ச்வில் நகரத்துக்குப் போனார். ஐம்பது வருஷமாக மலைக்குள்ளேயே இருந்தவர், அங்கேதான் முதல்முறையாக ரயிலைப் பார்த்தார். அடுத்த வருஷம் ஐடஹோவின் தலைநகரான பாய்சி. உயர்ந்த கட்டடங்கள், லிஃப்ட், சினிமா. ஆசையாகப் பார்த்தார், பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. ஊரிலேயே இருந்துவிடலாமே என்று நமக்குத் தோன்றும். எழுபது தாண்டிய உடம்பு, கூட யாரும் இல்லை. ஆனால் பாலி ஆற்றங்கரைக்கே போக வேண்டும் என்றார். அக்கரை நண்பர்கள் பழைய வீடு இருந்த இடத்திலேயே ஒரு சின்ன மரவீடு கட்டிக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாகத் தன் காலத்துக்குப் பின் நிலம் அவர்களுக்கு என்று பாலி ஒப்புக்கொண்டார். 1924 முதல் அந்த வீட்டில் தனியாக வாழ்ந்தார்.

1933 ஆகஸ்டில் பக்கவாதம் வந்து விழுந்து கிடந்தவரை அந்த நண்பர்கள்தான் கண்டார்கள். குதிரையில் ஏற்றி மலைமேல் கொண்டுபோய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் கிரேஞ்ச்வில் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நவம்பர் 6ஆம் தேதி, எண்பதாவது வயதில் அங்கேயே இறந்தார். அந்த ஊரிலேயே புதைத்தார்கள்.

அவருடைய கல்யாணப் புகைப்படத்தை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். அடர்ந்த நிறத்தில் உடை, நிமிர்ந்த தலை, கேமராவை நேராகப் பார்க்கும் கண்கள். அந்த உடையை ஐடஹோவில், காட்டன்வுட் ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

1987இல் அவருடைய எலும்புகளைக் கிரேஞ்ச்வில்லிலிருந்து எடுத்து, ஆற்றங்கரையில் அந்த மரவீட்டுக்குப் பக்கத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். வீட்டைப் பழுதுபார்த்து இன்றும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கரைக்கு இப்போதும் சாலை கிடையாது. போகிறவர்கள் பெரும்பாலும் படகில்தான் போகிறார்கள்.

வணக்கம்.