எஃகு எங்கே, பித்தளை எங்கே: ஸ்டார்ம்ட்ரூப்பர் துப்பாக்கி மாதிரிக்கு வண்ணமும் தேய்மானமும்

வணக்கம். 1977-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஸ்டார்ம்ட்ரூப்பர் என்னும் வெள்ளைக் கவச வீரர்கள் ஏந்தி வரும் இ-11 துப்பாக்கியின் மாதிரிக்கு வண்ணம் பூசி, பல ஆண்டுகள் புழங்கிய தோற்றத்தை அதற்குத் தருவது எப்படி என்று இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். நம் கையில் இருப்பது முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்ட பி.எல்.ஏ. நெகிழி. பார்ப்பவர் கண்ணுக்கு அது உலோகமாகத் தெரிய வேண்டும்.

[திரையில்: ஸ்டெர்லிங் துப்பாக்கி, அதன்மேல் ஒவ்வொன்றாக வந்து பொருந்தும் பாகங்கள்]

படத்தின் அரங்கப் பொருள்களை உருவாக்கியவர்களுள் முக்கியமானவரான ரோஜர் கிறிஸ்டியன், ஆயுதங்களைப் புதிதாக வடிவமைப்பதைவிட, ஏற்கெனவே உள்ள பொருள்களை ஒன்றோடொன்று பொருத்தினால் அந்த உலகம் மனிதர் புழங்கிய உலகமாகத் தோன்றும் என்று கருதினார். அப்படித்தான், பிரிட்டிஷ் ராணுவம் 1953-இல் ஏற்றுக்கொண்ட ஸ்டெர்லிங் என்னும் 9 மி.மீ. துணை இயந்திரத் துப்பாக்கி, இரண்டாம் உலகப்போர்க் காலத்து எம்38 என்னும் அமெரிக்க டாங்கித் தொலைநோக்கியைத் தாங்கி, குழலின் துளை வரிசைகளில் நெகிழிப் பட்டைகளைச் செருகிக்கொண்டு, இ-11 ஆக மாறியது.

இந்த வரலாறு நம் வேலைக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் அடியில் உள்ள பொருள்தான் வெளிப்படும் என்பதால், எந்தப் பாகம் எதனால் ஆனது என்று அறியாமல் தேய்மானத்தைக் காட்ட முடியாது. துப்பாக்கியின் உடல் எஃகு; ஆகவே அங்கே சாம்பல் வெள்ளி தெரிய வேண்டும். தொலைநோக்கி பித்தளை, அதன் விளிம்புகளில் மஞ்சள் தெரிய வேண்டும். கைப்பிடியும் குழல் பட்டைகளும் நெகிழி. அவற்றில் எவ்வளவு தேய்ந்தாலும் உலோகம் தெரிய வழியே இல்லை. எல்லா விளிம்புகளிலும் ஒரே வெள்ளி வண்ணத்தைத் தடவிய மாதிரிகளைப் பல இடங்களில் காண்கிறோம்; எவ்வளவு நுட்பமாகத் தடவியிருந்தாலும் அவை பொம்மையாகவே நின்றுவிடுகின்றன.

முதலில், அடுக்கடுக்காக அச்சிடுவதால் விழும் படிவரிகளை நீக்க வேண்டும். பட்டி பூசி, 120-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400-ஆம் எண் வரை தேய்த்து, பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடியுங்கள். தொலைநோக்கியைத் தனியாகவே வைத்திருங்கள். கடைசியில் ஒட்டினால் போதும்.

[திரையில்: சுருக்கம் விழுந்த கறுப்புப் பூச்சின் நெருக்கக் காட்சி]

அடுத்து வருவதுதான் பலரும் தவறவிடும் இடம். ஸ்டெர்லிங்கின் உடலில் இருப்பது வழவழப்பான கறுப்பு அன்று; சுருக்கம் விழுந்த, சொரசொரப்பான கறுப்புப் பூச்சு. பிரைமரை வழக்கத்தைவிடச் சற்றுத் தொலைவிலிருந்து அடித்தால், துளிகள் பாதி உலர்ந்த நிலையில் வந்து படிந்து, அந்தச் சொரசொரப்புக்கு நெருக்கமான பரப்பைத் தரும். ஆனால் உண்மையான துப்பாக்கியில் பூச்சு தேயும்போது அந்தச் சொரசொரப்பும் சேர்ந்தே போய், வழவழப்பான எஃகுதான் எஞ்சும். எனவே விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தின் வெளி விளிம்பு, தோளில் ஊன்றும் மடக்குக் கட்டையின் கீல், குழலின் முன்முனை, தோட்டாப் பெட்டி (மேகசின்) செருகும் வாய் என எங்கெல்லாம் தேய்மானம் காட்டப்போகிறீர்களோ, அந்த இடங்களை மட்டும் இப்போதே நுண்ணிய உப்புத்தாளால் மீண்டும் வழவழப்பாக்கிவிடுங்கள். வண்ணம் ஏறுவதற்கு முன்பே தேய்மானத்தின் இடங்கள் முடிவாகிவிடுகின்றன. இந்த வேலையில் நான் மிகவும் விரும்பும் கட்டம் இது.

அதன்மேல் உடலுக்கு எஃகு வண்ணமும் தொலைநோக்கிக்குப் பித்தளை வண்ணமும் பூசி, பளபளப்பு வார்னிஷ் கொடுத்து ஓர் இரவு உலர விடுங்கள். பிறகு ஹேர்ஸ்பிரேயை மெல்லிய இரண்டு பூச்சாக அடித்து, அது உலர்ந்ததும் நீரில் கரையும் அக்ரிலிக் கறுப்பை மெலிதாக ஏர்பிரஷால் அடியுங்கள். தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்தவுடன், குறித்து வைத்த இடங்களை நீரால் நனைத்துச் சிறிது நேரம் பொறுத்து, மயிர் குட்டையான, விறைப்பான பிரஷால் மெல்லத் தேயுங்கள். நீர் கறுப்பின் ஊடே இறங்கி அடியிலுள்ள ஹேர்ஸ்பிரேயைக் கரைக்கும்போது, கறுப்பு சிறு செதில்களாக உரிந்து உலோகம் வெளிப்படும். கறுப்பைத் தடிப்பாகப் பூசினால் நீர் இறங்காது. நாள்கணக்கில் காயவிட்டாலும் உரிப்பது கடினமாகிவிடும்.

சுட்ட தோட்டாவின் வெற்று உறை வெளியேறும் வாயின் வழியே தெரியும் போல்ட், அதாவது துப்பாக்கிக்குள் முன்னும் பின்னும் நகரும் உருளை, கறுப்புப் பூச்சு இல்லாத வெறும் எஃகு என்பதால், அதை வெள்ளியாகவே விட்டுவிடுங்கள். அழுக்கை வெளியேற்ற அதில் வெட்டப்பட்ட சுருள் பள்ளங்களில் மட்டும் எண்ணெய்க் கருமை தங்கட்டும்.

இப்போது அழுக்கு. முதலில் அக்ரிலிக் வார்னிஷால் கறுப்பை மூடிவிட்டு, பழுப்பும் கறுப்பும் கலந்த எனாமல் கரைசலை மூலைகளிலும் திருகுகளைச் சுற்றியும் ஓடவிட்டு, டர்பன்டைனில் தோய்த்துப் பிழிந்த துணியால் மேற்பரப்பைத் துடையுங்கள். காய்ந்த அக்ரிலிக்கை டர்பன்டைன் எளிதில் கரைக்காது. எஃகில் செந்துரு வரலாம்; பித்தளையில் பச்சைக் களிம்புதான் வரும். ஒழுங்காகப் பராமரிக்கும் ராணுவத்தின் ஆயுதம் என்பதால், இரண்டையும் மிகக் குறைவாகவே வையுங்கள். பாலைவன வீரனுக்கான துப்பாக்கியென்றால் வெளிர் மணல்நிறத் தூளைப் பள்ளங்களில் சேர்க்கலாம்.

உடலுக்கு மங்கல் வார்னிஷ் அடித்து முடித்த பிறகே கிராஃபைட் தூளைத் தொடுங்கள். விரல்நுனியில் எடுத்து எஃகு விளிம்புகளில் தேய்த்தால், எந்த வண்ணமும் தராத உண்மையான உலோக மினுமினுப்பு கிடைக்கும். அதன்மேல் மீண்டும் வார்னிஷ் அடித்தால் அந்த மினுமினுப்பு மறைந்துவிடும். கைப்பிடியை உலர்ந்த துணியால் மட்டும் தேய்த்துவிடுங்கள். உள்ளங்கை பட்டுப் பட்டு நெகிழிக்கு வரும் மென்மையான பளபளப்பு அதுவே.

ஸ்பிரே வேலை முழுவதையும் காற்றோட்டமான இடத்தில், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடியோடு செய்யுங்கள். வெளியே கொண்டுசெல்லும்போது மூடிய பையில் வையுங்கள். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இது உண்மைத் துப்பாக்கிதான். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், பி.எல்.ஏ. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசில் இளகி, குழல் வளைந்துவிடும்.