புள்ளி மறைஞ்சதும் நிறுத்திடாதீங்க

வணக்கம். இன்னைக்கு மீனுக்கு வர்ற வெள்ளைப்புள்ளி நோயைப் பத்தி. நேரா மீன் டேங்குக்கே போயிடலாம். கேமராவைக் கண்ணாடிக்குக் கிட்ட கொண்டு போறேன்... இருங்க, ஃபோகஸ் ஆகட்டும். ஆங், இப்பத் தெரியுதா? இந்த ஆரஞ்சு கலர் பிளாட்டி மீனோட வாலைப் பாருங்க. ஓரத்துல ஒண்ணு, நடுவுல ரெண்டு. உப்புத்தூள் ஒட்டின மாதிரி இருக்கு. உடம்பு மேல ஒண்ணும் காணோம். ஆனா துடுப்பை விரிக்காம உடம்போட ஒட்ட வெச்சுக்கிட்டு நிக்குது கவனிச்சீங்களா? இப்ப ஃபில்டர் குழாய்கிட்டப் போகுது... போச்சு, உரசிடுச்சு. சடக்குனு ஒரு பக்கமாச் சாஞ்சு வயித்தைத் தேச்சுக்கிட்டு ஓடுது. புள்ளி தெரியறதுக்கு முன்னாடியே இந்த உரசல் ஆரம்பிச்சிடும். அதைப் பார்த்தா, மறுநாள் காலையில லைட் போட்டதும் முதல் வேலையா வாலையும் துடுப்பையும் பாருங்க.

ஒயிட் ஸ்பாட், வெள்ளைப்புள்ளி, இக்... பேரு எதுவா இருந்தாலும் ஆள் ஒண்ணுதான். இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ்னு ஒரு ஒட்டுண்ணி. 1876-ல ஃபூக்கே அப்படிங்கறவர் இதுக்குப் பேர் வெச்சாரு. ஒரே ஒரு செல்தான், உடம்பு முழுக்க நுண்ணிய மயிரிழை. பாக்டீரியாவும் இல்ல, பூஞ்சையும் இல்ல. அதனால ஆன்டிபயாட்டிக் வாங்கி ஊத்தறது சுத்த வேஸ்ட்டு. ஊத்தினா ஃபில்டர்ல இருக்கற நல்ல பாக்டீரியா வேணா அடிபடும், இதுக்கு ஒண்ணும் ஆகாது.

இப்ப சொல்லப்போறதை மட்டும் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானாப் புரியும். இந்தப் புள்ளி மீனோட தோலுக்கு மேல ஒட்டிக்கிட்டு இல்ல. மேல்தோலுக்கு அடியில பூந்து, அங்கேயே உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கு. மேல இருக்கற தோலே அதுக்கு ஒரு மூடி. நல்லா வளர்ந்தா ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் வரும், அதனாலதான் நம்ம கண்ணுக்கே தெரியுது. வயிறு ரொம்பினதும் தோலைப் பிச்சுக்கிட்டு வெளிய வந்து, கொஞ்ச நேரம் தண்ணியில திரிஞ்சு, கல்லு, மண்ணு, செடி, ஃபில்டர் பஞ்சு, எங்க இடம் கிடைச்சாலும் ஒட்டிக்கும். பசை மாதிரி ஒரு உறையைச் சுத்திக்கிட்டு உள்ளயே ரெண்டு, நாலு, எட்டுன்னு பிரிய ஆரம்பிக்கும். ஒரே ஒரு புள்ளியில இருந்து நூத்துக்கணக்குல, சில சமயம் ஆயிரம் வரைக்கும் குட்டிங்க வரும். அந்தக் குட்டிங்க உறையை உடைச்சுக்கிட்டு நீந்தி வந்து மீனைத் தேடும். வெதுவெதுப்பான தண்ணியா இருந்தா ரெண்டு நாளுக்குள்ள மீன் கிடைக்கணும், இல்லன்னா பெரும்பாலும் செத்துப் போயிடும்.

இதுல மருந்து எங்க வேலை செய்யும்? தோலுக்கு அடியில இருக்கும்போது செய்யாது. உறைக்குள்ள இருக்கும்போதும் பெருசா ஒண்ணும் பண்ணாது. நீந்தற அந்தக் குட்டிங்களைத்தான் உப்போ மருந்தோ கொல்லும். அதாவது நீங்க வாலுல பார்க்கற புள்ளியை நீங்க கொல்லவே முடியாது. அது விழுந்து, பெருகி, வெளிய வர்ற வரைக்கும் தண்ணியில மருந்து காத்துக்கிட்டு இருக்கணும்.

இப்ப மூணாவது நாள் என்ன ஆகுதுன்னு யோசிங்க. மருந்து போட்டாச்சு, காலையில பார்த்தா மீன் மேல ஒரு புள்ளி இல்ல. ஆஹா, சரியாயிடுச்சுன்னு தண்ணியை மாத்தி, ஃபில்டர்ல மருந்தை உறிஞ்சற கார்பனைத் திரும்பப் போட்டு, ஹீட்டரைக் குறைச்சிடுவாங்க. புள்ளி மறைஞ்சதுக்குக் காரணம் மருந்தே இல்ல, அது தின்னு முடிச்சுக் கீழ இறங்கிடுச்சு, அவ்வளவுதான். மருந்தே போடலன்னாலும் அந்தப் புள்ளி மறைஞ்சிருக்கும். சரியா அது பிரிஞ்சு பெருகற நேரத்துல நாம மருந்தை எடுத்துடறோம். அடுத்த சில நாள்ல மீன் மேல மூணு புள்ளி இருந்த இடத்துல முப்பது வரும். அப்புறம் “இந்த மருந்து போலி, வேலை செய்யல”ன்னு திட்டுவாங்க. மருந்து பாவங்க.

எவ்வளவு நாள்ங்கறது தண்ணியோட சூட்டைப் பொறுத்தது. 25 டிகிரி பக்கம்னா இந்தச் சுத்து மொத்தமும் ஒரு வாரத்துக்குள்ள முடிஞ்சிடும். 10 டிகிரி தண்ணியில ஒரு மாசத்துக்கு மேலயே இழுக்கும். சூட்டைக் கூட்டறதுக்கு முதல் காரணமே இதுதான், ஒட்டுண்ணி சீக்கிரம் சீக்கிரமா வெளிய வரட்டும்னுதான் கூட்டறோம். 30 டிகிரிக்கு மேல போனா நிறைய வகைங்களால பெருகவே முடியாது. ஆனா சூட்டைத் தாங்கற வகைங்களும் இருக்கு. அதனால ஹீட்டர் ஒண்ணை மட்டும் நம்பி உக்காராதீங்க. சூடும் உப்பும் சேர்ந்து போகணும்.

ஹீட்டரை ஒரே திருகுல 30-க்குத் திருகாதீங்க. இந்த டேங்க் இப்ப 26-ல இருக்கு. ராத்திரிக்குள்ள 27, 28. நாளைக்கு 30. அதோட, இதோ காத்துக் குமிழி விடற இந்த ஏர் ஸ்டோனை உள்ள போடறேன் பாருங்க. சூடான தண்ணியில ஆக்சிஜன் கம்மியாத்தான் கரையும். 25 டிகிரியில லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல கரையும், 30-ல ஏழரைக்கு இறங்கிடும். அரை மில்லிகிராம் சொச்சம்தானேன்னு நினைக்காதீங்க. இந்த ஒட்டுண்ணி செவுளுக்குள்ளயும் ஏறும். புள்ளி நமக்கு வெளிய தெரியுது, ஆனா மீன் சாகறது பெரும்பாலும் செவுள் கெட்டுப்போய் மூச்சு விட முடியாமத்தான். உடம்புல ஒரு புள்ளி கூட இல்லாத மீன் திடீர்னு செத்துக் கிடக்கறதுக்கும் இதுதான் காரணமா இருக்கலாம். மேல் பரப்புல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதுன்னா மருந்தை விட காத்துதான் முதல்ல வேணும்.

கோல்ட் ஃபிஷ், ஒயிட் கிளவுட் மாதிரி குளிர்ச்சியான தண்ணி மீன் வெச்சிருக்கறவங்க 30-க்கு ஏத்த வேண்டாம். இருக்கற சூட்டுலயே விட்டு, நாளைக் கூட்டிக்கோங்க. மெதுவாப் போகும், ஆனா போகும்.

சரி, உப்பு. கல் உப்பு போதும், வேற எந்தப் பொருளும் கலக்காததா இருக்கட்டும். சாதா உப்புல இருக்கற அயோடின் மீனைக் கொன்னுடும்னு ஒரு பயம் இருக்கு, அந்த அளவு அயோடினால ஒண்ணும் ஆகாது. ஆனா அளவு முக்கியம், “ரெண்டு கைப்பிடி” கணக்கெல்லாம் வேண்டாம். டேங்கோட நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல அளந்து பெருக்கி ஆயிரத்தால வகுத்தா லிட்டர் வந்துடும். இது 60, 30, 30. ஆக 54 லிட்டர். ஆனா கீழ மண்ணு இருக்கு, மேல காலி இருக்கு, உள்ள தண்ணி ஒரு 45 லிட்டர்தான் வரும். லிட்டருக்கு 2 கிராம்னு வெச்சா 90 கிராம். தராசுல நிறுத்து, மூணு பங்காப் பிரிச்சுட்டேன். முதல் பங்கை டேங்க் தண்ணியிலயே கரைச்சு... இந்த மக்குல பாருங்க, அடியில ஒரு கல்லு கூட இல்லாத வரைக்கும் கலக்கணும். கரையாத உப்புக்கல் கீழ படுத்திருக்கற மீன் மேல விழுந்தா தோல் வெந்துடும். ஃபில்டர் தண்ணி விழற இடத்துல மெல்ல ஊத்தறேன். அடுத்த பங்கு ராத்திரி, மூணாவது நாளைக்கு.

உப்பு ஆவியாகாது. தண்ணி வத்தினா வெறும் தண்ணிதான் ஊத்தணும். ஆனா 10 லிட்டர் எடுத்துட்டு 10 லிட்டர் புதுசா ஊத்தினா, போன 20 கிராமைத் திரும்பப் போடணும். இதுல குழம்பித்தான் நிறைய டேங்க்ல நாளுக்கு நாள் உப்பு ஏறிக்கிட்டே போகுது, இல்லன்னா கரைஞ்சு காணாமப் போகுது. செடி நிறைய இருந்தா உப்பு சில செடிங்களை அழுக வெச்சிடும், அதுக்குத் தயாரா இருங்க. லோச், கோரி மாதிரி அடியில திரியற மீன் வெச்சிருந்தா லிட்டருக்கு ஒரு கிராம்ல தொடங்கி, மீன் எப்படி இருக்குன்னு பார்த்துக்கிட்டே ஏத்துங்க.

இப்ப நான் சைஃபனை, அதாவது தண்ணி உறிஞ்சற குழாயை, மண்ணுக்குள்ள விடறேன். பெரிய விஷயமாத் தெரியாது, ஆனா மருந்துக்குச் சமமான வேலை இது. விழுந்து உறை போட்டுக்கிட்டு இருக்கறதெல்லாம் இந்த மண்ணுலதான் கிடக்கு. மருந்தால தொட முடியாததைக் குழாயால உறிஞ்சி வெளிய ஊத்திடலாம். ஒரு புள்ளியை உறிஞ்சிட்டீங்கன்னா நூத்துக்கணக்கான குட்டிங்க அதோட போச்சு. தினமும் பண்ண முடிஞ்சா தினமும், இல்லன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

மருந்துன்னா பெரும்பாலும் மாலகைட் கிரீன், இல்ல அதோட ஃபார்மலின் சேர்ந்தது. வேலை செய்யும், சந்தேகம் இல்ல. ஆனா மாலகைட் கிரீன் விஷத்தன்மை உள்ள சாயம். நாம சாப்பிடற மீனுக்குப் போடவே கூடாதுன்னு பல நாடுகள்ல தடை இருக்கு, அதனால கையுறை போட்டுக்கோங்க. வெளிச்சத்துல அது சிதையும், மருந்து போட்டதும் டேங்க் லைட்டை அணைச்சிடுங்க. ஃபார்மலின் தண்ணியில இருக்கற ஆக்சிஜனைக் குறைக்கும், அதனால அதோட சூட்டையும் ஏத்தினீங்கன்னா ஏர் பம்ப் கண்டிப்பா ஓடணும். ஃபில்டர்ல கார்பன் இருந்தா எடுத்துடுங்க, அது மருந்தை எல்லாம் உறிஞ்சிடும். லோச், பிளெக்கோ, டெட்ரா மாதிரி மீனுக்கெல்லாம் பாட்டில்ல பாதி டோஸ்னு போட்டிருக்கும், அதைத் தாண்டாதீங்க. காப்பர் மருந்துன்னா நத்தை, இறால் இருக்கற டேங்க்ல கனவுல கூட வேண்டாம். மெத்திலீன் ப்ளூவைப் பத்தி என் அபிப்பிராயம், மெயின் டேங்குக்கு அது சரிப்படாது. ஃபில்டர் பாக்டீரியாவை அடிக்கும், ஓரத்து சிலிக்கான் எல்லாம் நீலமாயிடும். ஒரு மருந்து போட்டா அதையே முழுசா முடிங்க. மறுநாளே பயந்துபோய் ரெண்டாவதையும் கலக்கற பழக்கம்தான் நிறைய மீனைக் கொல்லுது.

“நோய் வந்த ஒரே ஒரு மீனை மட்டும் எடுத்துத் தனியா வெச்சிடலாமா?” எடுத்தா அந்த மீன் வேணா பிழைக்கும். ஆனா அது விட்டுட்டுப் போனது எல்லாம் இங்கதான் இருக்கு. ஒரு மீன் மேல பார்த்தாலும் மொத்த டேங்குக்கும்தான் வைத்தியம்.

மருந்து போடறதுக்கு முன்னாடி, இது வெள்ளைப்புள்ளிதானான்னு ஒரு தடவை உறுதி பண்ணிக்கோங்க. ரூம் லைட்டை அணைச்சுட்டு டார்ச்சைச் சாய்வா அடிங்க. புள்ளி தனித்தனியா, எண்ணக்கூடியதா இருந்தா இதுதான். ரொம்பப் பொடியா, மஞ்சளா, தங்கத்தூசி மாதிரி மின்னினா அது வெல்வெட், வேற நோய். கட்டி கட்டியா, கொத்தா, வாரக்கணக்கா அதே இடத்துல இருந்தா லிம்ஃபோசிஸ்டிஸ், அது வைரஸ், இந்த மருந்து எதுக்கும் மசியாது. ஆண் கோல்ட் ஃபிஷுக்குச் செவுள் மூடி மேலயும் முன் துடுப்பு ஓரத்துலயும் மட்டும் வரிசையா வெள்ளைப் புள்ளி இருந்தா அது நோயே இல்ல, இனப்பெருக்க சமயத்துல வர்றது. அதுக்குப் போய் மாலகைட் கிரீன் ஊத்திடாதீங்க பாவம். கடல் மீன் வெச்சிருக்கறவங்களே, உங்க டேங்க்ல வர்ற வெள்ளைப்புள்ளி கிரிப்டோகாரியான், வேற உயிரி. இந்த வீடியோவுல சொன்ன உப்புக் கணக்கு உங்களுக்கு இல்ல.

எப்ப நிறுத்தலாம்? கடைசிப் புள்ளி மறைஞ்ச நாள்ல இருந்து, 30 டிகிரியில இன்னும் ஒரு முழு வாரம். ஹீட்டரே இல்லாத டேங்க்னா ரெண்டு மூணு வாரம். நடுவுல ஒரே ஒரு புள்ளி திரும்ப வந்தாலும் கணக்கு முதல்ல இருந்து. அப்புறம் சூட்டை ஒரு நாளைக்கு ஒண்ணு, ரெண்டு டிகிரியா இறக்குங்க. உப்பைத் தனியா எடுக்க வேண்டியதில்ல, வாராவாரம் தண்ணி மாத்தும்போது உப்பு போடாம ஊத்தினா தானாக் குறைஞ்சிடும்.

பிழைச்ச மீனுக்கு இந்த நோய் மேல ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்துடும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுலதான் புது மீன் விஷயத்துல ஏமாறுவோம். அப்படி எதிர்ப்புச் சக்தி வந்து, விக்கற இடத்துல பளிச்சுன்னு இருக்கற மீன், செவுள்ல ரெண்டு மூணு ஒட்டுண்ணியோட வரலாம், வெளிய ஒண்ணும் தெரியாது. அதனால புது மீன் எதுவா இருந்தாலும் ரெண்டு மூணு வாரம் தனித் தொட்டி. புதுச் செடியா இருந்தா, மீனே இல்லாத தண்ணியில ஒரு வாரத்துக்கு மேல கிடக்கட்டும். தின்ன மீன் இல்லன்னா இந்த ஒட்டுண்ணி தூங்கிக்கிட்டு மாசக்கணக்கா காத்திருக்கும்னு சொல்றதெல்லாம் கதை. அந்தத் தொட்டிக்குன்னு தனி வலை, தனி குழாய். ஈர வலையை இங்க விட்டு அங்க விட்டா எல்லாம் வீண். ஒரே வலைதான் இருக்குன்னா, காய்ஞ்சு மொறுமொறுன்னு ஆகற வரைக்கும் வெயில்ல போடுங்க, காய்ஞ்சா இது செத்துடும்.

சரி, ஹீட்டர் 27 காட்டுது. ரெண்டாவது பங்கு உப்பைக் கரைக்கப் போறேன். நாளைக்கு இந்த பிளாட்டியோட வாலுல புள்ளி கூடியிருந்தாலும் பயந்துடாதீங்க, அது ஏற்கனவே உள்ள போயிருந்தது இப்ப வளர்ந்து வெளிய தெரியுது. வரட்டும், தண்ணி தயாரா இருக்கு.