தராசு முள்ளை எங்க பக்கம் திருப்புங்க

நடுவர் அவர்களே, விழாக் கமிட்டியாரே, சம்பா அறுப்பைப் போட்டுட்டு வந்து இந்தப் பனியில உட்கார்ந்திருக்கிற குடமுருட்டிக் கரை சனங்களே, எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குப் பட்டிமன்றத் தலைப்பு, "தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளை நடத்துவது நியாயமா, லாபமா?" அந்தப் போட்டிகளை ஓட்டுறது நியாயம் இல்ல, லாபம்தான். என் அணி அதைத்தான் சொல்லுது. காரணம் சொல்லத்தான் எழுந்தேன்.

ஆனா அதுக்கு முன்னால, இப்பப் பேசி உட்கார்ந்த எதிரணித் தம்பிக்கு ஒரு பதில் பாக்கி இருக்கு. தம்பி என்ன சொன்னார்? "பாட்டுப் போட்டி வியாபாரம்னு கொந்தளிக்கிற அக்கா, இந்த மேடைக்குக் கவர் வாங்காமலா ஏறினாங்க? அக்கா வாங்கினா சன்மானம், டிவிக்காரன் வாங்கினா லாபமா?"ன்னார். நீங்களும் கை தட்டினீங்க. அந்த டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துலேர்ந்து விசில் வேற வந்துச்சு.

வாங்கினேன் தம்பி. வாங்குவேன். கலைக்குக் கூலி வாங்குறது குத்தம்னு இந்தக் காவிரி மண்ணு என்னைக்குமே சொன்னதில்ல. பாபநாசத்துல பஸ் ஏறித் தஞ்சாவூர்ல இறங்குங்க. பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்க. ராஜராஜன் திருப்பதியம், அதாவது தேவாரம் பாட 48 பேரை வெச்சான். கூட உடுக்கை வாசிக்க ஒருத்தர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருத்தர். ஆக 50 பேர். ஆளுக்கு நாள் ஒண்ணுக்கு முக்குறுணி நெல்லு. ஆடிப் பாட 400 தளிச்சேரிப் பெண்டுகள். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்குக்கு வருஷம் 100 கலம் நெல்லு. அந்தப் பொண்ணு பேரு என்ன, எந்த ஊர்லேர்ந்து வந்தவ, தெருவுல எந்தச் சிறகுல, அதாவது எந்த வரிசையில, எத்தனையாவது வீடு, அத்தனையும் கல்லுல வெட்டி வெச்சிருக்கான். அதோட விட்டானா? அந்தப் பங்குக்காரர் செத்துப் போனா, அடுத்த உறவுக்காரர் அந்த வேலைக்கு வரலாம். ஆனா தகுதி இருந்தாத்தான். இல்லைன்னா தகுதியான வேற ஆளைப் பார்த்துப் போடணும். அதையும் எழுதி வெச்சிருக்கான்.

ஆயிரம் வருஷம் ஆச்சு தம்பி. இன்னைக்கும் போய் விரலை வெச்சுப் படிக்கலாம். பாடினவனுக்கு எவ்வளவு, ஆடினவளுக்கு எவ்வளவு, எதை வெச்சு எடுத்தான். என் கவர்ல எவ்வளவுன்னு கேட்டீங்கல்ல? கமிட்டியோட வரவு செலவு நோட்டுல இருக்கு. திருவிழா முடிஞ்சதும் கோயில் வாசல்ல ஒட்டுவாங்க. வந்து படிங்க. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: பாட்டுப் போட்டிக் கணக்கை எந்த வாசல்ல ஒட்டுறாங்க?

இங்க உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல ராத்திரி கண் முழிச்சவங்க. ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினா நெல்லைத் திருப்பி விடுறான். மனசு எரியுது. ஆனாலும் அந்த மெஷின்ல என்ன எண் காட்டுதுன்னு நீங்க எட்டிப் பார்க்கிறீங்க. மூட்டை 40 கிலோ நிக்குதான்னு முள்ளைப் பார்க்கிறீங்க. முள்ளை மறைச்சா விடுவீங்களா? சாலையில உட்கார்ந்துட மாட்டீங்க? அப்படிப்பட்ட நாம, நம்ம வீட்டுப் புள்ளையை எடைபோடுறப்ப மட்டும் முள்ளு எந்தப் பக்கம் இருக்குன்னு ஏன் கேக்க மாட்டேங்கிறோம்?

"ஓட்டுப் போடுறது மக்கள்தானே"ன்னாங்க எதிரணித் தலைவர் அம்மா. மக்கள்தான். எண்ணுறது யார்? எண்ணினதைச் சரிபார்த்தது யார்?

தென் கொரியாவுல எம்நெட்னு ஒரு சேனல். 2019-ல 'புரொடியூஸ் எக்ஸ் 101'னு ஒரு போட்டி. ஜனங்க ஓட்டுப் போட்டு ஒரு பாட்டுக் குழுவுக்கு ஆள் எடுக்கணும். கடைசி நாள் யாருக்கு எத்தனை ஓட்டுன்னு வெளியிட்டாங்க. பார்த்துக்கிட்டிருந்த ரசிகர்கள் சும்மா இல்லாம கழிச்சுப் பார்த்தாங்க. முதல் ஆளுக்கும் ரெண்டாவது ஆளுக்கும் வித்தியாசம் 29,978. சரி. மூணாவதுக்கும் நாலாவதுக்கும்? 29,978. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும்? நீங்களே சொல்லுங்க... ஆமா, 29,978! இன்னும் ரெண்டு இடத்துலயும் அதே எண். லட்சக்கணக்கான ஜனங்க பேசி வெச்சுக்கிட்டா ஓட்டுப் போட்டாங்க? போலீஸ் வந்துச்சு. நிகழ்ச்சியை எடுத்தவர் கைதானார். 2020-ல அவருக்கு 2 வருஷம் ஜெயில். பிரிட்டன்ல 2008-ல ஐடிவிங்கிற சேனலுக்கு, ஒளிபரப்பைக் கண்காணிக்கிற ஆஃப்காம் அமைப்பு 56 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு அபராதம் போட்டுச்சு. பார்வையாளர்கள் காசு கட்டிப் போட்ட ஃபோன் அழைப்புகளை ஒழுங்கா நடத்தலைன்னு.

இங்கயும் அப்படி நடக்குதுன்னு நான் சொல்லலை. கழிச்சுப் பார்த்துச் சொல்ல நம்ம கையில எண் இருக்கணுமே! அந்த ஊர்ல திருட்டு பிடிபட்டதுக்குக் காரணம், எண் வெளியில வந்தது.

பாட்டுப் போட்டி இங்க முன்னாலயே இருந்துச்சு. ஆனா ஜனங்க ஓட்டுப் போட்டு ஆள் எடுக்கிற இந்த 'ஐடல்' முறை நம்ம மண்ணுல முளைச்சது இல்ல. 2001-ல பிரிட்டன்ல 'பாப் ஐடல்', அடுத்த வருஷம் அமெரிக்காவுல, 2004-ல இந்தியில. உரிமத்துக்குக் காசு கொடுத்து வாங்கின அமைப்பு அது. அந்தக் காசை எடுக்க விளம்பரம் வேணும். விளம்பரத்துக்கு 10 வினாடிக்கு இவ்வளவுன்னு விலை. எத்தனை பேர் பார்க்கிறாங்களோ அந்த அளவுக்கு விலை ஏறும். நல்ல பாட்டுக்கு ஜனங்க உட்காருவாங்க, ஒத்துக்கிறேன். ஆனா அழுகைக்கு அதைவிட அதிகமா உட்காருவாங்க. அது அவங்களுக்குத் தெரியும். அங்கதான் என் வயிறு எரியுது.

ஒரு சம்பவம். பேர் வேணாம், ஊர் வேணாம், சேனலும் வேணாம். நம்ம டெல்டாப் பொண்ணு, ஒன்பதாவது படிக்கிறா. கோயில் ஓதுவார்கிட்ட தேவாரம் கத்துக்கிட்டவ. சினிமாப் பாட்டும் பிரமாதமாப் பாடுவா. திருச்சியில தேர்வுன்னு கேள்விப்பட்டு அப்பா கூட்டிட்டுப் போறார். விடியறதுக்கு முன்னாடி வரிசை. சட்டையில நம்பர் குத்தியாச்சு. உள்ள போனா, பாடினா. கேட்டவங்க முகமெல்லாம் மலர்ந்து போச்சு. "அடுத்த ரூமுக்குப் போ கண்ணு"ன்னாங்க.

அடுத்த ரூம்ல பாட்டுக்கு வேலை இல்ல. அட்டையும் பேனாவுமா ஒரு அக்கா உட்கார்ந்திருக்கு. "அப்பா என்ன பண்றார்?" "டிராக்டர் ஓட்டுறாருக்கா." "குடிப்பாரா?" "டீ குடிப்பாருக்கா." "அம்மா இருக்காங்களா?" "இருக்காங்க, நல்லா இருக்காங்க." "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லாம..." "ஆட்டுக்குட்டிக்கு ரெண்டு நாளாக் கழிச்சல்." அந்த அக்கா பேனாவை மூடிட்டுக் கேக்குது, "ஏன் பாப்பா, உனக்குக் கஷ்டம்னு வாழ்க்கையில ஒண்ணுமே இல்லையா?" புள்ளை நல்லா யோசிச்சு, கையைக் கட்டிக்கிட்டு, "கணக்குதான் கொஞ்சம் கஷ்டம்க்கா"ன்னுச்சு!

சிரிங்க. நல்லா சிரிங்க. நானும் முதல் தடவை கேட்டப்பச் சிரிச்சேன். இப்ப அதே சம்பவத்தை அந்த அப்பா பக்கத்துலேர்ந்து ஒரு தடவை சொல்றேன்.

அறுப்புச் சமயம். டிராக்டருக்கு ஒரு நாள் லீவு சொன்னா எவ்வளவு நஷ்டம்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம். அந்த மனுஷன் லீவு போட்டார். வெள்ளைச் சட்டையைத் துவைச்சு இஸ்திரி போட்டார். எண்ணெய்க் கறை படிஞ்ச நகத்தையெல்லாம் வெட்டிக்கிட்டார், புள்ளையோட தன்னையும் டிவியில காட்டினா அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு. வரிசையில நின்னப்ப, தண்ணி குடிக்கக்கூட நகரலை. உள்ள போன மக வெளிய வந்தா. "மெசேஜ் வரும்னாங்கப்பா." "என்ன கேட்டாங்க?" அவ எல்லாத்தையும் ஒப்பிச்சா. டீ குடிப்பாருன்னு சொன்னதையும், ஆட்டுக்குட்டியையும், கணக்கையும். திரும்ப பஸ் ஏறினாங்க. துவாக்குடி தாண்டுச்சு, செங்கிப்பட்டி தாண்டுச்சு, மனுஷன் வாயைத் திறக்கலை. வல்லம் கிட்ட வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே சொன்னாராம்: "அப்பா இல்லைன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

இப்ப யாரும் சிரிக்கலை.

மெசேஜ் வரலை. அவ குரல் பத்தலைன்னு ஒரு நடுவர் சொல்லியிருந்தா நான் ஏத்துக்குவேன். சுருதி விலகுச்சு, தாளம் தப்புச்சுன்னு சொல்லியிருந்தா, போயி இன்னும் ரெண்டு வருஷம் சாதகம் பண்ணுன்னு நானே அவளை உட்கார வெச்சிருப்பேன். எதனால இல்லைன்னு யாரும் சொல்லலையே! அந்த அப்பன், தான் உயிரோட, ஒழுக்கமா இருக்கிறதுதான் மகளுக்குத் தடைன்னு நெனச்சுக்கிட்டு வீடு வந்து சேர்ந்தார். இதுக்கு என்ன விலை போடுவீங்க, 10 வினாடிக்கு?

"குழந்தைங்க விளையாட்டாப் பாடுறாங்க"ன்னு சொன்னீங்க. சட்டம் அப்படிச் சொல்லலை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2017-ல வந்த விதி, டிவியில வர்ற குழந்தைக்கு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாதுங்குது. 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓய்வு கொடுக்கணும், வருமானத்துல குறைஞ்சது 20 சதவீதத்தைக் குழந்தை பேர்ல வங்கியில போடணும்ங்குது. வேலைன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட பிறகு விளையாட்டுன்னு யாரை ஏமாத்துறோம்? நம்ம புள்ளைங்களை அனுப்பின பெத்தவங்கள்ல எத்தனை பேருக்கு இந்த விதி தெரியும்? கையைத் தூக்குங்க பார்ப்போம்.

மணி அடிச்சுட்டார் நடுவர். ஐயா, ஒரே ஒரு நிமிஷம்.

இன்னும் கொஞ்ச நாள்ல திருவையாத்துல தியாகராஜர் ஆராதனை. புஷ்ய பகுள பஞ்சமி அன்னிக்கு, பேர் பெத்த வித்வானும் நேத்துக் கத்துக்க ஆரம்பிச்ச புள்ளையும் ஒரே தரையில உட்கார்ந்து அவரோட பஞ்சரத்னக் கீர்த்தனைகளைப் பாடுவாங்க. அந்த இடத்துக்கு ஒரு பொம்பளை இருக்கா. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். தன் நகை நட்டையெல்லாம் போட்டு, காடாக் கிடந்த தியாகராஜர் சமாதிக்குக் கட்டடம் எழுப்பினவ. கட்டினவளையே அங்க பாட விடலை, பொம்பளைன்னு. அவ அழுதுக்கிட்டுத் திரும்பிப் போகலை. பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து பாடினா. 1952-ல போய்ச் சேர்ந்தா. இன்னைக்கும் சமாதியைப் பார்த்த மாதிரி கைகூப்பிச் சிலையா உட்கார்ந்திருக்கா. அவளுக்கு யாரு ஓட்டுப் போட்டது? எந்த ரூம்ல எந்த அக்கா அவகிட்ட உன் கஷ்டம் என்னன்னு கேட்டது?

தாய்மாருங்களே, உங்க மக பாடுவாளா? ஆராதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. கூட்டத்தோட உட்கார வைங்க. ஓதுவார் வீட்டுத் திண்ணைக்கு அனுப்புங்க. டிவிக்கும் அனுப்புங்க, வேணாம்னு நான் சொல்லலை. ஆனா அந்த ரெண்டாவது ரூமுக்கு அவளைத் தனியா விடாதீங்க. நீங்களும் உள்ள போங்க. "என் புள்ளைக்கு எத்தனை மார்க், ஏன் அத்தனை?"ன்னு கேளுங்க.

அந்தப் பொண்ணு இந்தப் பந்தல்ல எங்கயாவது உட்கார்ந்திருந்தா, நான் பேர் சொல்லலை கண்ணு, பயப்படாத. உங்க அப்பா இருக்கார். டிராக்டர் ஓட்டுறார். டீ குடிக்கிறார். எந்த ரூம்ல யார் கேட்டாலும் தலை நிமிந்து அதையே சொல்லு.

தீர்ப்பு உங்க கையில நடுவர் ஐயா. வணக்கம்.