வீடு பறிபோன பையன்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தில், மூன்றாம் அங்கத்தில் ஒரு காட்சி. கடனில் மூழ்கிய பண்ணை ஏலத்துக்குப் போய்விட்டது. எடுத்தவர் லொபாஹின் என்ற வியாபாரி. அப்பாவும் தாத்தாவும் அடிமைகளாகக் கிடந்த இடம் அது. சமையல்கட்டுக்குள்கூட அவர்களை விட்டதில்லை. அதையே வாங்கிவிட்டேன் என்று மனிதர் ஆனந்தக் கூத்தாடுகிறார். கொஞ்ச நேரத்தில், சொத்தை இழந்த அம்மாளின் அழுகையைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கிவிடுகிறது. நான் சொன்ன யோசனையை ஏன் கேட்காமல் போனீர்கள் என்கிறார்.

வாங்கியவருக்கும் இழந்தவருக்கும் ஒரே மனதோடு அழ செகாவுக்கு எங்கிருந்து வந்தது? டகன்ரோக்கிலிருந்து வந்தது என்பேன்.

அசோவ் கடலோரத்துத் துறைமுக ஊர் அது. 1860இல் அங்கே பிறந்தார். அவருடைய தாத்தா பண்ணையடிமை. 1841இல் பணம் கட்டித் தன்னையும் குடும்பத்தையும் மீட்டார். அப்படியானால் செகாவின் அப்பாவும் அடிமையாகப் பிறந்தவர்தான். அவர் மளிகைக் கடை வைத்தார், தேவாலயத்தில் பாட்டுக்குழு நடத்தினார், பிள்ளைகளை அடித்தார். சிறுவன் கடையிலேயே உட்கார்ந்து பள்ளிப் பாடம் எழுதினான். லொபாஹினின் அப்பாவும் கடைக்காரர்தான். சிறுவயதில் அவர் அடித்த அடியில் மூக்கில் ரத்தம் கொட்டியதை லொபாஹின் நாடகத்தின் தொடக்கத்திலேயே நினைவுகூர்கிறார்.

1876இல் கடை நொடித்தது. கடன்காரர்களுக்குப் பயந்து அப்பா மாஸ்கோவுக்கு ஓடினார். அம்மாவும் பின்னாலேயே போனார். வீட்டைக் காப்பாற்றித் தருவதாகச் சொன்ன குடும்ப நண்பர், அங்கேயே குடியிருந்தவர், கடைசியில் அதைத் தன் பெயருக்கே மாற்றிக்கொண்டார். பதினாறு வயதுப் பையன் மட்டும் படிப்பை முடிக்க ஊரில் தங்கினான். தன் வீடாக இருந்த அதே வீட்டில், அந்த மனிதரின் உறவுக்காரப் பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஒண்டிக்கொண்டான். மூன்று வருடம்! 1879இல்தான் மருத்துவம் படிக்க மாஸ்கோ போனான்.

இத்தனைக்குப் பிறகு நாடகம் எழுதினால், வீட்டை எடுத்துக்கொள்கிறவனை வில்லனாக்கி வஞ்சம் தீர்த்திருக்கலாம். செகாவ் செய்யவில்லை. லொபாஹின் வியாபாரிதான், ஆனால் எல்லா வகையிலும் கண்ணியமானவர் என்று, மாஸ்கோ கலை அரங்கின் இயக்குநரும் நடிகருமான ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்குக் கடிதமே எழுதினார். அந்தப் பாத்திரத்தை அவரே ஏற்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டார். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி வேறு வேடம் கட்டினார். எனக்கு இன்றும் அது ஒரு குறைதான். மீண்டுவந்த அடிமையின் பேரனும் வீட்டை இழந்த பிள்ளையும் செகாவ் என்ற ஒரே ஆளுக்குள் இருந்தார்கள். அவர் யாரை வெறுப்பார்?

1904 ஜனவரியில் மாஸ்கோ கலை அரங்கில் நாடகம் மேடையேறியது. அதே ஆண்டு ஜூலையில் காசநோய் அவரைக் கொண்டுபோனது.

கடைசிக் காட்சியை அடுத்த முறை பார்க்கும்போது ஃபிர்ஸ் என்ற கிழட்டு வேலைக்காரரைக் கவனியுங்கள். எல்லோரும் ரயிலுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அவரை மறந்துவிட்டார்கள். வெளியே மரம் வெட்டும் ஓசை. விற்றுப்போன வீட்டுக்குள், பூட்டிய கதவுக்குப் பின்னால், அவர் மட்டும் தனியாக இருக்கிறார். எனக்கு அங்கே எண்பத்தேழு வயதுக் கிழவர் தெரிவதில்லை. டகன்ரோக்கில் விட்டுப்போன பதினாறு வயதுப் பையன்தான் தெரிகிறான்.

வணக்கம்.